மீட்டர் பல்புகள் மறுபடி மறுபடி போன ஒரு பிக்கப்: கிருஷ்ணகிரியில் பார்த்த ஒரு வேலையின் முழு விவரம்

போன மாங்காய் சீசனில் காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து ஒரு பிக்கப் என் கடைக்கு வந்தது. 2012 மாடல், டீசல், ஒன்றேகால் டன் ஏற்றும் வண்டி. பகலில் தோப்புகளிலிருந்து பெங்களூரா மாங்காய் ஏற்றிக் கூழ் ஃபேக்டரிக்குப் போகும். இரவில் ராயக்கோட்டையிலிருந்து தக்காளி ஏற்றிக்கொண்டு தருமபுரி, தொப்பூர் வழியாகச் சேலம் இறங்கும். ஓட்டுபவரும் அவரே, சொந்தக்காரரும் அவரே. என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் அண்ணன் என்றே எழுதுகிறேன்.

"தம்பி, மீட்டர் ஒரே இருட்டு. ஸ்பீடு முள்ளே தெரியல. ஏசி பட்டன், பேன் பட்டன் எதுலயும் லைட் இல்ல. பல்பு மாத்திக் குடு, ராத்திரி லோடு இருக்கு" என்றார்.

எப்படி ஓட்டினீர்கள் என்று கேட்டேன். தொப்பூர் கணவாய் இறக்கத்தில், செல்போன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு முள்ளைப் பார்த்தாராம். லோடு வண்டியோடு அந்த இறக்கத்தில் இறங்கியவர்களுக்கு அது என்ன நிலைமை என்று தெரியும். வண்டி எந்த வேகத்தில் இறங்குகிறது என்பது அங்கே பிரேக் சூடேறுவதற்கு முன்பே தெரிய வேண்டிய விஷயம். மீட்டர் லைட் என்பது அழகுக்கு வைத்தது என்று நினைப்பவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு அதைக் கேட்டதும் வயிற்றைப் பிசைந்தது.

முதல் வருகை

வண்டியைத் தொடுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்வேன். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, எந்த விளக்கு எரிகிறது, எது எரியவில்லை என்று நோட்டில் எழுதிக்கொள்வேன். அப்புறம் பார்க் லைட், ஹெட்லைட், டிம், பிரைட், இண்டிகேட்டர், நான்கும் சேர்ந்து மின்னும் டேஞ்சர் ஸ்விட்ச் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பேன். ஐந்து நிமிடம்கூட ஆகாது.

அன்றைக்கு நோட்டில் எழுதியது இதுதான். மீட்டருக்குப் பின்னால் வெளிச்சம் கொடுக்கும் நான்கு பல்புகளில் மூன்று இல்லை. பிரைட் போட்டால் வரும் நீல விளக்கு இல்லை. டேஞ்சர் ஸ்விட்சுக்குள் இருக்கும் பல்பு இல்லை. ஏசி, பேன் குமிழ்களுக்குப் பின்னால் இருக்கும் இரண்டும் இல்லை. பேட்டரி சார்ஜ் விளக்கு, ஹேண்ட்பிரேக், ஹீட்டர் காயில், டீசல் குறைவு, இவை எல்லாம் சாவி போட்டதும் வந்தன. ஆயில் விளக்கு வரவில்லை. அதை அண்ணன் கவனித்ததே இல்லை.

மீட்டர் முழுவதும் ஒரே நேரத்தில் இருட்டானால் பல்பைத் தேட வேண்டியதில்லை. பியூஸ், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர், எர்த் (வண்டியின் இரும்பு உடம்பு வழியாக பேட்டரி நெகட்டிவுக்குக் கரண்ட் திரும்பும் வழி), பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். பல வண்டிகளில் மீட்டர் வெளிச்சமும் பின்னால் இருக்கும் டெயில் லைட்டும் ஒரே பியூஸில் ஓடும். மீட்டர் இருட்டானால் இறங்கிப் போய் டெயில் லைட்டைப் பாருங்கள். அதுவும் எரியவில்லையென்றால் பின்னால் வரும் லாரிக்கு உங்கள் வண்டி தெரியாது. இந்த வண்டியில் நான்கில் ஒன்று இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அப்படியென்றால் கரண்ட் மீட்டர் வரை ஒழுங்காக வருகிறது, பல்புகள்தான் ஒவ்வொன்றாகப் போயிருக்கின்றன.

பியூஸ் பெட்டியைத் திறந்தேன். மூடியில் 10 ஆம்பியர் என்று போட்டிருந்த இடத்தில் 20 ஆம்பியர் பியூஸ் இருந்தது. பியூஸ் அடிக்கடி போகிறது என்று யாரோ பெரியதாகப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். பெரிய பியூஸ் போட்டால் பியூஸ் போகாது, அதற்குப் பதிலாக ஒயர் உருகும். டெயில் லைட் ஒயர் ஒன்று சேசிஸில் உரசித் தோல் போயிருந்ததைக் கண்டுபிடித்து, சுற்றி, கிளிப் போட்டுக் கட்டினேன். பத்து ஆம்பியரையே திரும்ப வைத்தேன்.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு மீட்டரை வெளியே எடுத்தோம். இதில் நெகட்டிவைக் கழற்றச் சோம்பல்படக் கூடாது. கையில் இருக்கும் ஸ்க்ரூ டிரைவர் ஒரு முனையில் பட்டாலே போதும், மீட்டருக்குப் பின்னால் இருக்கும் பிலிம் வெந்துவிடும். அந்த பிலிம் என்பது பிளாஸ்டிக் தாளில் ஒட்டிய மெல்லிய செம்புத் தடம், ஒயருக்குப் பதிலாக அதுதான் எல்லா பல்புக்கும் கரண்ட் கொண்டுபோகிறது. ஹோல்டரைக் கால் திருப்பு இடப்பக்கம் திருப்பினால் கழன்று வரும். உள்ளே இருப்பது பின் இல்லாத சின்னக் கண்ணாடி பல்பு, 12 வோல்ட் 1.2 வாட். சாமணம் வைத்து இழுத்தால் கண்ணாடி நொறுங்கும். நான் சைக்கிள் வால்வ் டியூபை ஒரு விரல் நீளம் வெட்டி வைத்திருக்கிறேன். அதை பல்பின் தலையில் மாட்டி இழுத்தால் வழுக்காமல் வந்துவிடும், புது பல்பைப் போடும்போது கைரேகையும் படாது.

இரண்டு ஹோல்டர் கறுத்திருந்தன. 1.2 வாட் இருக்க வேண்டிய இடத்தில் 3 வாட் பல்பு. வெளிச்சம் பத்தவில்லை என்று போட்டிருப்பார்கள். மீட்டருக்குள் காற்று போக வழியில்லை, அந்தச் சூடு பிளாஸ்டிக்கைத்தான் தின்னும். ஒரு ஹோல்டரின் கீழே செம்புத் தடம் கருகி எழும்பியிருந்தது. அந்தத் துண்டை விட்டுவிட்டு, அடுத்த நல்ல இடத்திலிருந்து மெல்லிய ஒயரை ஈயம் வைத்துத் தாண்டிப் போட்டேன். சால்டரிங் அயர்னை அந்த பிலிமில் இரண்டு விநாடிக்கு மேல் வைத்தால் தாள் சுருண்டுவிடும், அதனால் ஒயர் முனையில் ஈயத்தை முதலில் ஏற்றிக்கொண்டு தொட்டு எடுக்க வேண்டும். மற்ற தடங்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்தாலே பளபளப்பு வந்துவிடுகிறது.

ஆயில் விளக்கு

ஆயில் விளக்கின் ஹோல்டரைத் திருப்பி எடுத்தேன். உள்ளே பல்பு இல்லை. எரிந்து போகவில்லை, உடையவில்லை, யாரோ கையால் எடுத்துவிட்டு, ஹோல்டரின் வாயில் கறுப்பு டேப் ஒட்டித் திரும்ப மாட்டியிருக்கிறார்கள்.

அண்ணனிடம் கேட்டபோது யோசித்துச் சொன்னார். ஒன்றரை வருடம் முன்னால் அந்த விளக்கு ஓட்டத்தில் விட்டுவிட்டு எரிந்ததாம். ஒரு பட்டறையில் காட்டியிருக்கிறார். அரை மணி நேரத்தில் "சரியாகிடுச்சு" என்று வண்டியைக் கொடுத்துவிட்டார்கள். விளக்கும் அதற்கப்புறம் வரவில்லை. சரியாகிவிட்டது என்றே நம்பியிருக்கிறார்.

இதை எழுதும்போதுகூட எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆயில் பிரஷர் இல்லாமல் இன்ஜின் ஓடினால் சில நிமிடங்களில் பேரிங் பிடித்துவிடும். அதைச் சொல்வதற்கு அந்த வண்டியில் இருக்கும் ஒரே வாய் அந்தச் சிவப்பு விளக்கு. அதன் வாயில் டேப் ஒட்டிவிட்டுக் கூலி வாங்கியிருக்கிறார்கள்.

அந்த விளக்கு வேலை செய்யும் விதம் எளிமையானது. இன்ஜின் பிளாக்கில் ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. ஆயில் பிரஷர் இல்லாதபோது அது ஒயரை எர்த்தோடு சேர்த்துவிடும், விளக்கு எரியும். இன்ஜின் ஓடி பிரஷர் வந்ததும் பிரித்துவிடும், விளக்கு அணையும். அதனால்தான் சாவி போட்டதும் அது எரிந்தே ஆக வேண்டும். எரியவில்லையென்றால் ஸ்விட்சிலிருக்கும் ஒயரைக் கழற்றி இன்ஜின் பாடியில் வையுங்கள். அப்போது எரிந்தால் ஸ்விட்ச் கெட்டிருக்கிறது, அப்போதும் எரியவில்லையென்றால் பல்போ ஒயரோ போயிருக்கிறது.

புது பல்பு போட்டுச் சாவியைத் திருப்பினேன், எரிந்தது. ஸ்டார்ட் செய்ததும் அணைந்தது. இன்ஜின் சூடான பிறகு ஐடிலில் மெதுவாக மினுக்கியது. பக்கத்து இன்ஜின் மெக்கானிக்கைக் கூப்பிட்டு, ஸ்விட்சைக் கழற்றி அந்த இடத்தில் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்த்தோம். சூடான இன்ஜினிலும் பிரஷர் ஒழுங்காகவே இருந்தது. ஸ்விட்ச்தான் உள்ளே ஆயில் கசிந்து கெட்டிருந்தது. ஸ்விட்ச் மாற்றினோம், மினுக்கல் நின்றது. அந்த ஒரு பொருளை மாற்றுவதற்குப் பதிலாக ஒன்றரை வருடம் அந்த மனிதரைக் கண்ணைக் கட்டி ஓடவிட்டிருக்கிறார்கள். அவர் இன்ஜின் நல்ல இன்ஜின், பிழைத்துக்கொண்டது.

எல்லா பல்பும் மாற்றியதும் கடைசியாக டைனமோ சார்ஜ் பார்த்தேன். உள்ளே இருப்பது ஆல்டர்னேட்டர், ஆனால் நம் பக்கம் டைனமோ என்றால்தான் எல்லோருக்கும் புரியும். இன்ஜினைக் கொஞ்சம் ஏற்றிப் பிடித்து பேட்டரி முனையில் மல்டிமீட்டர் வைத்தேன். 14.5 வோல்ட். 13.8 முதல் 14.5 வரை இருக்கலாம் என்பது வழக்கமான கணக்கு. மேல் ஓரத்தில் இருந்தாலும் கணக்குக்குள் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். பழைய பல்புகளை வழக்கம்போல ஒரு டப்பாவில் போட்டு வைத்தேன். வண்டி கிளம்பிவிட்டது.

இரண்டாம் வருகை

பத்தொன்பதாவது நாள் அண்ணன் திரும்ப வந்தார். கோபமாக வரவில்லை, வருத்தமாக வந்தார். மீட்டரில் இரண்டு, ஏசி குமிழில் ஒன்று, டேஞ்சர் ஸ்விட்ச் பல்பு, மொத்தம் நான்கு போயிருந்தன. ஹெட்லைட் பல்பும் ஒரு பக்கம் போய், வழியில் வேறு கடையில் மாற்றியிருக்கிறார். "இந்த சீசன்ல ஹெட்லைட் பல்பு மட்டும் இது மூணாவது தம்பி" என்றார். முதல் தடவை இதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

பேட்டரி மூடியைத் திறந்து பார்த்தேன். ஆறு அறைகளிலும் தண்ணீர் தட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. மாதம் இருமுறை டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவதாகச் சொன்னார். அழுகிய முட்டை வாசனை லேசாக வந்தது. இது அதிகமாகச் சார்ஜ் ஏறும் பேட்டரி.

பழைய டப்பாவிலிருந்த பல்புகளையும் புதிதாகப் போன நான்கையும் வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்தேன். கடிகாரக் கடைக்காரர்கள் கண்ணில் வைப்பார்களே அந்த லென்ஸ் ஒன்று என்னிடம் இருக்கிறது. செத்த பல்பு எதனால் செத்தது என்று அதன் கண்ணாடியிலேயே எழுதியிருக்கும். கண்ணாடி தெளிவாக இருந்து உள்ளே கம்பி அறுந்து தொங்கினால் குலுக்கலில் போனது. தோப்புச் சாலைகளில் ஓடும் வண்டிக்கு அது நிறைய நடக்கும், சூடாக எரியும்போது கம்பி மெத்தென்று இருக்கும், ஒரு பள்ளமே போதும். உள்ளே வெள்ளைப் பொடி படர்ந்திருந்தால் கண்ணாடியில் கீறல் விழுந்து காற்று போயிருக்கிறது. கண்ணாடி உள்பக்கம் வெள்ளிக் கறுப்பாகப் புகை பிடித்தது போல இருந்தால் கம்பி தாங்க முடியாத சூட்டில் எரிந்து, அதன் டங்ஸ்டன் ஆவியாகி அங்கே படிந்திருக்கிறது என்று அர்த்தம்.

துணியில் இருந்தவை பதினோரு பல்புகள். பத்து கறுப்பு. அதிலும் புதிதாகப் போன நான்கும் பத்தொன்பது நாளில் கறுத்திருந்தன.

மறுபடி சார்ஜ் பார்த்தேன். 14.5. எனக்குத் தலை சுற்றியது. பேட்டரி, ஹெட்லைட், மீட்டர் பல்பு எல்லாம் ஒரே வாயால் வோல்ட் அதிகம் என்கின்றன, மல்டிமீட்டர் மட்டும் இல்லை என்கிறது. மல்டிமீட்டருக்குள் இருக்கும் பேட்டரியை மாற்றி அதையே சோதித்தேன், வேறு மல்டிமீட்டர் கொண்டுவந்தும் பார்த்தேன். அதே 14.5.

ஆஞ்சநேயர் படத்து பல்பு

என்னிடம் வேலை கற்றுக்கொள்ளும் பையன் அப்போது ஒன்று கேட்டான். "அண்ணா, சாமி படத்து பல்பு மட்டும் ஏன் போகல?"

டேஷ்போர்டின் நடுவில் காட்டுவீர ஆஞ்சநேயர் கோயிலில் வாங்கிய சின்னப் படம் ஒன்று ஒட்டியிருந்தது. அதன் மேல் ஒரு சிவப்பு மூடிக்குள் சின்ன பல்பு. சாவி போட்டால் எரியும், எடுத்தால் அணையும். எல்.ஈ.டி இல்லை, மீட்டரில் இருக்கும் அதே 12 வோல்ட் 1.2 வாட் கம்பி பல்புதான். பகல் இரவு இன்ஜின் ஓடும் நேரமெல்லாம் எரிவது அது ஒன்றுதான். அண்ணனிடம் கேட்டேன். மாட்டி இரண்டு வருடம் ஆகிறது, ஒரு தடவைகூட மாற்றவில்லை என்றார். "அது சாமி விளக்கு தம்பி, போகாது" என்று படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வழி காட்டியது அந்த விளக்குதான். சாவி போட்டால் ஒரு நொடி வந்து அணையும் சார்ஜ் விளக்கும் ஹேண்ட்பிரேக் விளக்கும் போகாமல் இருப்பதில் வியப்பில்லை, அவை எரியும் நேரமே கொஞ்சம். ஆனால் எல்லாவற்றையும்விட அதிக நேரம் எரியும் அதே ரக பல்பு இரண்டு வருடம் நிற்கிறதென்றால், அதற்குப் போகும் வோல்ட் வேறு, மற்றவற்றுக்குப் போகும் வோல்ட் வேறு. போன பல்புகளின் பட்டியலை எடுத்தேன். மீட்டர் வெளிச்சம், ஏசி குமிழ், டேஞ்சர், பிரைட், ஹெட்லைட், எல்லாம் சாவி வழியாகப் போகாமல் பேட்டரியிலிருந்து நேராக லைட் ஸ்விட்சுக்குப் போகும் லைன். சாமி படத்து பல்பு மட்டும் சாவிக்குப் பின்னால் இருக்கும் லைன், அதாவது சாவி போட்டால்தான் கரண்ட் வரும் லைன்.

இந்த முறை இரண்டு மல்டிமீட்டர். ஒன்று பேட்டரியில், ஒன்று சாமி பல்பின் ஒயரில். இன்ஜினை ஏற்றிப் பிடிக்கச் சொன்னேன். எல்லாம் ஆஃப். பேட்டரியில் 14.5, சாமி பல்பில் 14.3. ஹெட்லைட் போட்டோம், மாற்றமில்லை. அப்புறம் அண்ணன் இரவில் எப்படி ஓட்டுவாரோ அப்படியே எல்லாவற்றையும் போடச் சொன்னேன். பேன் முழு வேகம். பாட்டுப்பெட்டி, அதோடு சேர்ந்த ஆம்ப்ளிபயர். கேபினுக்குள் கலர் விளக்குப் பட்டை. செல்போன் சார்ஜர் இரண்டு.

பேட்டரியில் வைத்த மல்டிமீட்டர் ஏற ஆரம்பித்தது. 14.9. 15.4. ஆம்ப்ளிபயர் போட்டதும் 15.9.

கரண்ட் இழுக்கும் சுமையை ஏற்றினால் வோல்ட் கொஞ்சமாவது இறங்க வேண்டும், இங்கே ஏறியது. சாமி பல்பில் வைத்த மல்டிமீட்டர் அசையாமல் 14.3-லேயே நின்றது. ஒரே வண்டி, ஒரே நேரம், 1.6 வோல்ட் வித்தியாசம். முதல் தடவை நான் அளந்தபோது பாட்டுப்பெட்டியையும் பேனையும் நிறுத்தச் சொல்லியிருந்தேன், சத்தம் தொந்தரவாக இருந்ததால். கோளாறு ஒளிந்துகொள்ள நானே இடம் கொடுத்திருக்கிறேன்.

ஏன் அப்படி

டைனமோவுக்குள் இருக்கும் கட்அவுட், அதாவது ரெகுலேட்டர், ஏதோ ஓரிடத்தின் வோல்ட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அங்கே குறைந்தால் டைனமோவைத் தள்ளச் சொல்லும், கூடினால் நிறுத்தச் சொல்லும். சில வண்டிகளில் அது டைனமோவின் முனையையே பார்க்கும், சிலவற்றில் பேட்டரியைப் பார்க்கும். இந்த வண்டியில் சாவிக்குப் பின்னால் வரும் ஒயரைப் பார்க்கிறது. பார்க்கும் இடத்தில் 14.3 வருமாறு அது தன் வேலையைச் சரியாகவே செய்துகொண்டிருந்தது. ஆனால் பேட்டரிக்கும் அந்த இடத்துக்கும் நடுவில் 1.6 வோல்ட் காணாமல் போகிறது. அதை ஈடுகட்ட பேட்டரிப் பக்கம் 15.9 தள்ளியிருக்கிறது. டைனமோ மேல் குற்றமே இல்லை. டைனமோவை மாற்றியிருந்தால் அண்ணனுக்குப் பெரிய செலவு, பல்புகள் அப்போதும் போயிருக்கும்.

ஸ்டியரிங்கின் கீழ் மூடியைக் கழற்றினோம். சாவி ஸ்விட்சின் பின்பக்கக் கப்ளரில், அதாவது ஒயர்கள் செருகும் பிளாஸ்டிக் இணைப்பில், பேட்டரியிலிருந்து வரும் தடித்த ஒயர் இறங்கும் ஓட்டை மட்டும் பழுப்பாக உப்பியிருந்தது. இழுத்தால் வரவில்லை. மெதுவாக ஆட்டி எடுத்தபோது பித்தளை முனை நீலம் கலந்த கறுப்பாக, தொட்டால் பொடி உதிரும் நிலையில் வந்தது. சாவிக்குப் பின்னால் போகும் ஒயரில் தோலைச் சீவி, மூன்று ஒயர்களை முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். ஆம்ப்ளிபயர் ஒன்று, விளக்குப் பட்டை ஒன்று, சார்ஜர் ஒன்று. பேனும் பழைய வழக்கப்படி ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் ஸ்விட்ச்) இல்லாமல் சாவி வழியாகவே ஓடுகிறது. ஒயரைச் சுற்றிக் கவ்வி ஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டர் மாட்டிப் பார்த்தேன், எல்லாம் போட்டால் 13 ஆம்பியர்.

1.6 வோல்ட்டை 13 ஆம்பியரால் பெருக்கினால் ஏறத்தாழ 21 வாட். என் கையில் இருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட். அதற்குக் கொஞ்சம் குறைந்த ஒரு சால்டரிங் அயர்ன் இரவு முழுவதும் ஸ்டியரிங்குக்குள் பிளாஸ்டிக்கின் மேல் வைத்தபடி அவர் சேலம் வரை ஓட்டியிருக்கிறார். "மேட்டுல ஏறும்போது ஒரு கருகல் வாசனை வரும், முன்னாடி போற லாரி கிளட்சுன்னு நினைச்சேன்" என்றார்.

பல்பு ஆயுள் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 15.9 என்றால் அப்படி என்ன கெட்டுவிடப்போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. கம்பி பல்புக்கு வோல்ட் 5 சதவீதம் கூடினாலே ஆயுள் ஏறத்தாழ பாதியாகிவிடும். ஸ்விட்சிலும் டிம்மரிலும் கொஞ்சம் விழுந்ததுபோக மீட்டர் பல்புக்கு வந்தது 15.4. 13.5 வோல்ட்டில் சோதித்த பல்புக்கு அது 14 சதவீதம் அதிகம், ஆயுள் ஐந்தில் ஒரு பங்குக்கு இறங்கும். 500 மணி நேரம் எரிய வேண்டிய பல்பு 100 மணி நேரத்தை எட்டாது. தினமும் இரவு ஐந்து மணி நேரம் ஓடும் வண்டிக்கு அது இருபது நாள் கணக்கு. அண்ணன் வந்தது பத்தொன்பதாவது நாள்.

செய்த வேலை

இந்த வண்டியின் சாவி ஸ்விட்சில் சாவி நுழையும் பூட்டு வேறு, மின்சாரப் பகுதி வேறு. பின்பக்கம் இருக்கும் மின்சாரப் பகுதியை மட்டும் மாற்றினோம், பழைய சாவியே போதும். கருகிய கப்ளரை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக முனையை கிரிம்ப் செய்து, அதாவது ஒயரோடு நெரித்து இறுக்கி, மாட்டினேன். கருகிய ஒயரில் நிறம் மாறிய பகுதியை முழுவதும் வெட்டிவிட வேண்டும். உள்ளே செம்பு கறுத்திருந்தால் எவ்வளவு நன்றாக கிரிம்ப் செய்தாலும் அங்கே மறுபடி சூடேறும்.

அப்புறம் சுமையைச் சாவியிலிருந்து எடுத்தேன். பேட்டரியிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் ஒயர், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 20 ஆம்பியர் பியூஸ், அங்கிருந்து ரிலேயின் 30-ஆம் பின். 87-லிருந்து பேன், ஆம்ப்ளிபயர், விளக்குப் பட்டை, சார்ஜர். 86-க்கு சாவி ஒயர், 85 எர்த். இப்போது சாவி தூக்குவது ரிலேயின் காயிலையும் பழையபடி மீட்டர், டீசலைத் திறந்து மூடும் சோலினாய்டு போன்றவற்றையும்தான், மொத்தம் இரண்டு ஆம்பியர் சொச்சம். இன்ஜின் எர்த்தையும் பேட்டரி எர்த்தையும் கழற்றி, துரு சுரண்டி, இறுக்கினேன்.

சோதித்த விதத்தையும் எழுதுகிறேன், இதை யாரும் செய்யலாம். எல்லாவற்றையும் போட்டு இன்ஜினை ஏற்றிப் பிடிக்கச் சொல்லுங்கள். மல்டிமீட்டரின் சிவப்பைப் பேட்டரி பாசிட்டிவிலும் கறுப்பைச் சாவிக்குப் பின்னால் வரும் ஒயரிலும் வையுங்கள். வழியில் காணாமல் போகும் வோல்ட் அப்படியே மல்டிமீட்டரில் தெரியும். 0.2-க்குள் இருக்க வேண்டும். முன்பு 1.6 காட்டிய அதே இடத்தில் இப்போது 0.05. பேட்டரியில் எல்லாம் போட்டும் 14.3. மீட்டர் பல்புகளைத் திரும்ப 1.2 வாட்டாகப் போட்டேன். சாமி படத்து பல்பைத் தொடவில்லை, அது இருந்த ஒயரிலேயே இருக்கட்டும் என்று விட்டேன்.

அண்ணன் எல்.ஈ.டி போடலாமா என்று கேட்டார். போடலாம், சூடு குறைவு, குலுக்கலுக்கும் தாங்கும். ஆனால் அதில் மூன்று விஷயம் இருக்கிறது. திருப்பிப் போட்டால் எரியாது. மீட்டரின் பச்சை மூடிக்குப் பின்னால் நீலம் கலந்த வெள்ளை எல்.ஈ.டி வைத்தால் நிறம் வேறாகத் தெரியும். பேட்டரி சார்ஜ் விளக்கில் மட்டும் யோசிக்காமல் போடக் கூடாது. பல வண்டிகளில் அந்த பல்பு வழியாகப் போகும் சின்னக் கரண்ட்தான் டைனமோவைத் தூண்டி எழுப்புகிறது. எல்.ஈ.டி அந்த அளவு கரண்ட் விடாது. ஸ்டார்ட் செய்ததும் சார்ஜ் ஏறாமல், இன்ஜினை நன்றாக ஏற்றினால் மட்டும் ஏறும் வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். இந்த வண்டியில் எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. முதல் தடவையே எல்.ஈ.டி போட்டிருந்தால் மீட்டர் அழகாக எரிந்திருக்கும், ஸ்டியரிங்குக்குள் அந்தக் கப்ளர் வெந்துகொண்டே இருந்திருக்கும். கம்பி பல்பு செத்துச் செத்துச் சொன்னதால்தான் தெரிந்தது.

பட்டறைகளில் வேலை செய்யும் தம்பிகளுக்கு ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு விடாமல் எரிந்தால், காரணம் தெரியவில்லையென்றால், தெரியவில்லை என்று வண்டிக்காரரிடம் சொல்லி அனுப்புங்கள். அவர் வேறு ஆளிடம் காட்டிக்கொள்வார். பல்பை எடுத்துவிட்டுச் சரியாகிவிட்டது என்று சொல்லாதீர்கள். அந்த வண்டியை நம்பி ஒரு குடும்பம் ஓடுகிறது.

நான்கு மாதம் கழித்து

எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி., அதாவது ஓடத் தகுதியானது என்ற சான்று, எடுக்க வேண்டும். அதற்கு லைட் எல்லாம் பார்த்துக் கொடு என்று அண்ணன் வந்தார். பழையபடி நோட்டை எடுத்து எழுதினேன். சாவி போட்டதும் ஆயில், சார்ஜ், ஹேண்ட்பிரேக், காயில், டீசல், ஐந்தும் வந்தன. அவரே விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். மீட்டர் வெளிச்சம் நான்கும் இருக்கின்றன. நடுவில் ஒரு ஹெட்லைட் பல்புகூட மாற்றவில்லை. பேட்டரிக்கு ஒரே தடவை தண்ணீர் ஊற்றியிருக்கிறார். எல்லாவற்றையும் போட்டு அளந்தேன், 14.3.

ஒன்று மட்டும் பாக்கி. முன்பு போட்டிருந்த 3 வாட் பல்பின் சூட்டில் டீசல் முள்ளுக்குப் பக்கத்தில் இருக்கும் பச்சை மூடி உருகி வளைந்துவிட்டது. அந்த மூடி தனியாகக் கிடைக்கவில்லை. அந்த ஓரம் மட்டும் மஞ்சளாகத் தெரிகிறது. பழைய வண்டி உடைக்கும் இடத்தில் இதே மாடல் மீட்டர் வந்தால் எடுத்து வை என்று முன்பணம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். தேடிக்கொண்டிருக்கிறேன்.